மருத்துவமனைக்கும் வகுப்பறைக்கும் நடுவே

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் பாடத்தை நடத்தும்போது தண்டுவடத்துக்கு நாம் ஒதுக்கும் நேரம் அதிகம் போனால் அரைப் பிரிவேளை. முகுளத்தின் தொடர்ச்சியாகக் கீழே இறங்குகிறது, அதிலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன, அனிச்சைச் செயலுக்கு அதுதான் மையம் என்று சொல்லி, படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவோம். அந்த வடம் நசுங்கினாலோ அறுபட்டாலோ ஒருவருக்கு என்ன ஆகிறது, அதற்குப் பிறகு அவர் எப்படி வாழ்கிறார் என்பது பாடத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடித்த மாணவன் ஒருவன் மே மாத விடுமுறையில் நுங்குக்காகப் பனை ஏறி, மட்டை முறிந்து விழுந்தான். அதன் பிறகுதான் இதை நான் தேடிப் படிக்க வேண்டி வந்தது. அப்படித் தெரிந்துகொண்டவற்றில் வகுப்பறைக்குப் பயன்படும் செய்திகளை இங்கே எழுதுகிறேன்.

மருத்துவமனையில் அவனுடைய அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “எப்ப டீச்சர் நடப்பான்? யாரும் சரியா சொல்ல மாட்டேங்கிறாங்க” என்பது. இந்தக் கேள்வியைக் கேட்காத குடும்பம் இருக்காது. இதற்கான பதில் அடிபட்ட இடத்தையும் அடியின் தன்மையையும் பொறுத்தது. 31 இணை நரம்புகளில் கழுத்துப் பகுதியில் 8, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5, திரிகப் பகுதியில் 5, வால் பகுதியில் 1 இருக்கின்றன. கழுத்தின் மேற்பகுதியில் அடிபட்டால் மூச்சு விடுவதற்கே கருவியின் துணை தேவைப்படலாம். நான்காவது கழுத்து நரம்பு வரை வேலை செய்தால் உதரவிதானம் இயங்கும், மூச்சு தானாக வரும். ஐந்தாவது வரை என்றால் முழங்கையை மடக்கலாம். ஆறாவது வரை என்றால் மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தலாம். ஏழாவது வரை என்றால் முழங்கையை நீட்டலாம், உடலைக் கைகளால் உந்தித் தூக்கலாம். ஒரே ஒரு நரம்பு இணையின் வித்தியாசம், தானே சோறு அள்ளிச் சாப்பிடுவதற்கும் பிறர் ஊட்டி விடுவதற்கும் இடையே உள்ள வித்தியாசமாக இருக்கக்கூடும். மார்புப் பகுதியிலோ அதற்குக் கீழோ அடிபட்டவருக்குக் கைகள் முழுமையாக இருக்கும், கால்கள் மட்டும் செயலிழக்கும். எங்கள் மாணவனுக்கு நேர்ந்தது இதுதான்.

வடம் முழுவதும் பாதிக்கப்படாமல் ஒரு பகுதி தப்பியிருந்தால், அடிபட்ட இடத்துக்குக் கீழேயும் கொஞ்சம் உணர்ச்சியோ அசைவோ இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு முன்னேற்றம் கிடைக்க வாய்ப்பு அதிகம். முழுப் பாதிப்பு என்றால், தண்டுவடத்தின் நரம்பிழைகள் கைவிரல் நரம்புபோல மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. முதுகெலும்பில் தகடும் திருகும் வைத்துச் செய்யும் அறுவை எலும்பை நிலைநிறுத்துவதற்காகச் செய்யப்படுவது, வடத்தை ஒட்டவைப்பதற்காக அல்ல. இதைப் புரிந்துகொள்ளாத குடும்பங்கள் எண்ணெய்க் கட்டு, மந்திரிப்பு, இன்னொரு அறுவை என்று வீட்டை விற்றுச் செலவு செய்கின்றன. பயிற்சிக்குரிய முதல் சில மாதங்கள் அதிலேயே கரைந்துபோகின்றன. பெற்றோர் நம்மிடம் யோசனை கேட்கும்போது, “நடப்பானா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதோடு, நடக்காவிட்டாலும் என்னென்ன செய்ய முடியும் என்றும் கேளுங்கள்” என்று சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கான விடைதான் மறுவாழ்வுப் பயிற்சி.

இந்தப் பயிற்சிக்கு நெடிய வரலாறு ஒன்றும் கிடையாது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் இறந்தார்கள். ஜெர்மனியிலிருந்து 1939இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்த யூத நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் காயம்பட்ட படைவீரர்களுக்கான தனிப் பிரிவைத் தொடங்கினார். இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பது, சிறுநீரைச் சுத்தமான முறையில் வெளியேற்றுவது, படுக்கையிலேயே கிடக்க விடாமல் வேலையும் விளையாட்டும் கொடுப்பது ஆகியவைதான் அவருடைய மருத்துவம். லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்று, 16 பேரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் அதிலிருந்து வளர்ந்தது. உடற்கல்வி ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லத்தக்க செய்தி இது.

நம் மாநிலத்திலேயே இதற்கு ஈடான வரலாறு இருக்கிறது. கொச்சியில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. முகத்திலும் பலத்த காயம். அவருடைய மருத்துவப் பணி அதோடு முடிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். அதே கல்லூரியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்று அறுவை செய்துவந்த பால் பிராண்ட், அந்த அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவருக்கு வழிகாட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே அறுவை செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு ஆஸ்திரேலியாவில் தமக்கு மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவத்தையே படித்துவிட்டுத் திரும்பினார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அதுவே முதலாவது. 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. படுக்கையில் கிடக்கும் ஒருவர், தன்னைப் பரிசோதிக்க வரும் மருத்துவரே சக்கர நாற்காலியில் வருவதைப் பார்க்கும்போது, வேறு எந்த அறிவுரையும் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

தென்காசிக்குப் பக்கத்தில் உள்ள ஆய்க்குடியைப் பலரும் அறிந்திருப்பீர்கள். அங்கே அமர் சேவா சங்கத்தை நிறுவிய எஸ். ராமகிருஷ்ணன், 1975இல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவரின் நினைவாகச் சங்கத்துக்கு அமர் என்று பெயர் வைத்து, 1981இல் தொடங்கினார். அந்த ஆண்டைத்தான் ஐ.நா. மாற்றுத்திறனாளிகளுக்கான உலக ஆண்டாக அறிவித்திருந்தது. ஒரு சில குழந்தைகளோடு தொடங்கிய அந்த முயற்சி இன்று பள்ளி, பயிற்சி நிலையம், கிராமங்களுக்கே சென்று செய்யும் பணி என்று விரிந்திருக்கிறது. அவர் முதலில் தொடங்கியது பள்ளிக்கூடம் என்பதை ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

மறுவாழ்வுப் பயிற்சி என்றால் காலைப் பிடித்து மடக்கி நீட்டுவது என்றுதான் நானும் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் மாணவன் பயிற்சியில் இருந்த மையத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்த்ததில், அது ஒரு பள்ளிக்கூடம்போல இருந்தது. கால அட்டவணை உண்டு. காலையில் படுக்கையில் புரளக் கற்பது, பிறகு பிடிமானமின்றி உட்காரக் கற்பது. வயிற்றுத் தசை இல்லாதபோது உட்காருவதே பெரிய வித்தை. அடுத்தது, வழுவழுப்பான பலகையைப் பாலம்போல வைத்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகருவது. நாற்காலியின் முன்சக்கரங்களைத் தூக்கி வாசற்படியைத் தாண்டுவது. கண்ணாடியை வைத்துக்கொண்டு தன் முதுகுப்புறத்தில் சிவப்புத் தழும்பு ஏதும் இருக்கிறதா என்று தானே பார்ப்பது. மதியத்துக்கு மேல் கைவேலைகள்: சட்டைப் பொத்தான் போடுவது, சமைப்பது, செல்போன் பழுது பார்ப்பது. அங்கே கழுத்தில் அடிபட்ட ஓர் இளைஞர் இருந்தார். விரல்கள் அசையாது, ஆனால் மணிக்கட்டை நிமிர்த்த முடியும். மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கும். இது எல்லோருக்கும் உள்ள இயற்கை. உங்கள் கையைத் தளர விட்டுச் செய்து பாருங்கள். அந்த ஒரு மடங்கலைக்கொண்டே டம்ளரைப் பிடிக்கவும், பட்டையில் செருகிய பேனாவால் எழுதவும் அவர் பழகியிருந்தார். நெம்புகோல் பாடத்தோடு சேர்த்து நடத்தலாமே என்று எனக்குத் தோன்றியது.

இனி பள்ளிக்கு வருவோம். பயிற்சி முடித்து வீடு திரும்பும் மாணவர், வீட்டிலேயே முடங்கிவிடுவதற்குக் கால்கள் காரணமாக இருப்பதில்லை. பெரும்பாலும் கழிப்பறைதான் காரணம். சிறுநீர்ப்பையைக் கட்டுப்படுத்தும் நரம்புகள் வடத்தின் அடிப்பகுதியிலிருந்து வருகின்றன. ஆகவே அடி எந்த உயரத்தில் பட்டாலும் சிறுநீர், மலம் இரண்டிலும் கட்டுப்பாடு போய்விடுவதுதான் வழக்கம். பலரும் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்கிறார்கள். பள்ளி நேரத்துக்குள் ஒரு முறையாவது இது தேவைப்படும். வேண்டியவை அதிகம் இல்லை: சக்கர நாற்காலி நுழையும் கதவு, உள்ளே தாழ்ப்பாள், கை கழுவத் தண்ணீரும் சோப்பும், பொருள் வைக்க ஒரு மேடை, பத்து நிமிடத் தனிமை. இவை இல்லாத பள்ளியில் மாணவர் என்ன செய்வார் தெரியுமா? காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார். அதனால் சிறுநீரகம் கெடும். தண்ணீர் மணி அடித்ததும் எல்லோரோடும் சேர்ந்து அவரும் குடிக்கிறாரா என்று கவனிப்பது நம் வேலை.

எங்கள் மாணவனின் தாய் என்னிடம், “வீட்டிலயே இருக்கட்டும் டீச்சர், இவ்வளவு பசங்களுக்கு நடுவுல துணி நனைஞ்சுட்டா அவன் தாங்க மாட்டான்” என்றார். அப்போது அவன் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்து நீங்கும் கட்டம். ஒன்பது வருடம் படித்தவன், பத்தாம் வகுப்பில் உட்காராமலேயே இடைநின்றவனாகிவிடுவான். தலைமை ஆசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை வைத்தார். நீண்ட பேச்சு நடந்தது. ஒரு மாணவனுக்காக இவ்வளவு செலவா என்று ஒருவர் கேட்டார். கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன், பணம் குறைவு. கொத்து வேலை செய்யும் பெற்றோர் ஒருவர் எழுந்து, “கழிப்பறைக் கதவை வெளிப்பக்கம் திறக்குற மாதிரி மாத்தி, ரெண்டு கைப்பிடி வைக்கணும், அவ்வளவுதானே, நான் செஞ்சு தர்றேன் சார்” என்றார். கதவு உள்பக்கம் திறந்தால் சக்கர நாற்காலி உள்ளே போன பிறகு மூடவே முடியாது என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

சாய்தளம் பற்றி ஒரு வார்த்தை. நம் பள்ளிகள் பலவற்றில் சாய்தளம் இருக்கிறது, ஆனால் தேர்தலுக்கு வாக்குச்சாவடி அமைத்தபோது அவசரமாகப் போட்டது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அளவு. ஓர் அடி உயரத்துக்கு மூன்றடி நீளத்தில் கட்டினால் அது சறுக்கு மரம். பின்னால் தள்ளுபவருக்கும் ஆபத்து. கதவின் அகலம் 90 செ.மீ., நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் இடம். கணித ஆசிரியர் எட்டாம் வகுப்பு மாணவர்களை அளவு நாடாவோடு அனுப்பிப் பள்ளியின் எல்லாச் சாய்தளங்களின் சாய்வையும் கணக்கிடச் செய்தார். முடிவை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் பள்ளியிலும் செய்து பாருங்கள்.

வகுப்பில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உணர்ச்சி இல்லாத இடத்தில் நீண்ட நேரம் அழுத்தம் பட்டால் தோல் அழுகும், வலி தெரியாது. ஆகவே அவர் சக்கர நாற்காலியில் மெத்தை இல்லாமல் உட்காரக் கூடாது, மர பெஞ்சில் உட்காரவே கூடாது. கால் மணி நேரம், அரை மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ பக்கவாட்டில் சாய்ந்தோ அழுத்தத்தைக் குறைப்பார். பாடம் நடக்கும்போது ஏன் நெளிகிறாய் என்று கேட்டுவிடாதீர்கள். கழுத்தில் அடிபட்டவருக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது. சித்திரை வெயிலில் அவர் உடல் சூட்டைத் தணிக்க வழி இருக்காது, மின்விசிறியும் ஈரத் துணியும் வேண்டும். கழுத்திலோ மார்பின் மேற்பகுதியிலோ அடிபட்டவருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவத்தல், நெற்றியில் வியர்வை வந்தால் அது அவசர நிலை. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான இடுப்புப் பட்டையையும் காலணியையும் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரியாகாவிட்டால் 108. படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும்.

தலையில் அடிபட்ட மாணவர்களின் நிலை வேறு. அவர்களுக்குச் சக்கர நாற்காலி இருக்காது, தலைமுடி வளர்ந்த பிறகு தழும்புகூடத் தெரியாது. அதனாலேயே அவர்கள் அதிகம் திட்டு வாங்குகிறார்கள். எனக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரின் வகுப்பில், இருசக்கர வாகனத்தின் பின்னிருக்கையிலிருந்து விழுந்த ஏழாம் வகுப்புச் சிறுமி மூன்று மாதம் கழித்துத் திரும்பினாள். நடக்கிறாள், பேசுகிறாள், பழைய பாடல்களை மனப்பாடமாகச் சொல்கிறாள். ஆனால் காலையில் சொன்னது மதியம் நினைவில் இல்லை. சின்ன விஷயத்துக்குக் கோபப்பட்டு நோட்டை எறிகிறாள். மதியத்துக்கு மேல் மேசையில் தலை சாய்த்துவிடுகிறாள். திமிர் என்றார்கள் சிலர். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதிதான் திட்டமிடவும், கவனத்தை நிறுத்தவும், கோபத்தை அடக்கவும் உதவுகிறது. விபத்தில் எளிதில் அடிபடும் பகுதியும் அதுவே. பழைய நினைவு இருந்து, புதியது மட்டும் பதியாமல் போவதும் இத்தகைய காயத்தில் வழக்கமானது.

மூளை, தண்டுவடத்தைப்போல அவ்வளவு கண்டிப்பானது அல்ல. செத்த செல்கள் திரும்புவதில்லை, ஆனால் மீதமுள்ளவை புதிய இணைப்புகளை உண்டாக்கிப் பழைய வேலையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. அதற்கு வேண்டியது திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி, அதாவது நம் தொழிலின் அடிப்படை. அந்த ஆசிரியை செய்தவை எளியவை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை. அன்றைய கால அட்டவணையையும் வீட்டுப் பாடத்தையும் எழுதிவைக்க ஒரு சிறு குறிப்பேடு. அதை அவள் பார்க்கிறாளா என்பதையே முதல் மாதம் முழுதும் பாடமாக வைத்துக்கொண்டார். கடினமான பாடங்கள் முற்பகலில், மதியம் இருபது நிமிட ஓய்வு. ஜன்னல் ஓரத்திலிருந்து முன்வரிசைக்கு இடமாற்றம். இங்கே ஓர் எச்சரிக்கை: சிறு வயதில் அடிபட்டவரின் குறை அப்போதே தெரியாமல், கட்டுரை எழுதுதல், இயற்கணிதம் போன்ற சிக்கலான வேலைகள் வரும் வயதில் வெளிப்படலாம். ஆகவே தலைக்காயச் செய்தியை அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும், அடுத்த பள்ளிக்கும் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். சிலருக்குப் பிறகு வலிப்பும் வரும். அப்போது கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வைத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தண்டுவடக் காயத்தால் கால்கள் செயலிழந்தவர் இயக்கக் குறைபாடு என்ற வகையில் வருவார். மூளைக் காயத்துக்குத் தனித் தலைப்பு கிடையாது. அதனால் விளைந்த இயக்கக் குறைபாடு, பேச்சு மொழிக் குறைபாடு போன்றவற்றின் அடிப்படையில்தான் சான்று கிடைக்கும். பெற்றோர் பலரும் இங்கேதான் அலைக்கழிகிறார்கள். வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் முதலிலேயே சேர்த்துவிட்டால், மருத்துவ முகாம், அடையாள அட்டை, இயன்முறை மருத்துவர், வரவே முடியாத காலத்தில் வீட்டுக்கு வந்து கற்பித்தல் ஆகியவற்றுக்கு வழி கிடைக்கும். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், தரைத்தள அறை ஆகிய சலுகைகளுக்குத் தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரில் நினைவு வந்து ஓடுவதைவிட ஜூன் மாதத்திலேயே கோப்பைத் தொடங்குவது நல்லது. எங்கள் மாணவன் கைகளால் தானே எழுதுவான் என்பதால் தரைத்தள அறையும் சற்று உயர்ந்த மேசையும் மட்டும் கேட்டோம், இரண்டும் கிடைத்தன. 

கடைசியாக, விழுந்தவரைத் தூக்கும் முறை. எலும்பு உடைந்த நிலையில் தப்பியிருக்கும் வடம், நாம் தூக்கும்போது நசுங்கிவிடலாம். நான்கு பேர் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதும், உட்கார வைத்துச் சோடா கொடுப்பதும் நம் ஊரில் அன்பின் பேரால் நடக்கின்றன. மரத்திலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்தவர், கிணற்றில் தலைகீழாகக் குதித்தவர், வாகன விபத்தில் சிக்கியவர் எவரானாலும், மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே அசையாமல் விட்டு 108ஐ அழையுங்கள். தீ, போக்குவரத்து போன்ற ஆபத்து இருந்தால் மட்டும், தலை, தோள், இடுப்பு ஒரே கோட்டில் இருக்குமாறு மரக்கட்டையைப் புரட்டுவதுபோலப் பலர் சேர்ந்து நகர்த்தலாம். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

எங்கள் பள்ளி ஜே.ஆர்.சி. மாணவர்களுக்கு 108 பணியாளர் ஒருவரை அழைத்து இதைச் செய்துகாட்டச் சொன்னோம். ஒருவன் மைதானத்தில் படுத்துக்கொள்ள, இன்னொருவன் தலைமாட்டில் மண்டியிட்டு இரண்டு உள்ளங்கையாலும் அவன் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும், வண்டி வரும்வரை. ஐந்தாவது நிமிடத்தில் கை நடுங்குகிறது சார் என்றான் பிடித்தவன். முழங்கையைத் தரையில் ஊன்றிக்கொள், கை மாற்ற வேண்டுமானால் அடுத்தவன் பிடித்த பிறகுதான் நீ விட வேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். அந்த முறையில் மாற்றி மாற்றி அரை மணி நேரம் பிடித்தார்கள்.